‘முழுமையாக இருந்தால் மட்டும் வாங்கவும்’: அகராதி தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளையும் துறைவாரியான கலைச்சொல் தொகுதிகளையும் உருவாக்கிவரும் பதிப்பாசிரியர்களுக்கும் வல்லுநர் குழுவினருக்கும் வணக்கம்.

மெய்ப்புத் திருத்துவதும் மொழிபெயர்ப்பதுமாகப் பிழைப்பு நடத்துகிறவன் நான். சில மாதங்களுக்கு முன், ஒரு மருந்துக் குப்பியின் உறையில் அச்சிட வேண்டிய நான்கு வரிகள் திருத்தத்துக்காக என்னிடம் வந்தன. மூடியின் மேலுள்ள சீல் பிரிக்கப்படாமல் இருந்தால்தான் வாங்க வேண்டும் என்று எச்சரிக்கும் வரி அவற்றுள் ஒன்று. முன்பே யாரோ செய்திருந்த தமிழாக்கத்தில் அது ‘முத்திரை முழுமையாக இருந்தால் மட்டும் வாங்கவும்’ என்றிருந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் அதைப் படித்துவிட்டு, “முத்திரையைப் பாதிதான் குத்தியிருப்பாங்களா சார்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. முத்திரை என்றதும் அலுவலக ரப்பர் முத்திரையும், முழுமை என்றதும் மை போதாமல் பாதி மட்டும் பதிந்த வட்டமும் அவர் நினைவுக்கு வந்திருக்கின்றன. மருந்துக் கடைக்குப் போகிற எவரும் ‘சீல் உடைக்காத பாட்டில்’ என்றோ ‘பிரிக்காத பெட்டி’ என்றோதான் சொல்வார்கள். அந்த மொழிபெயர்ப்பாளரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் அகராதியைப் புரட்டியிருப்பார். ‘இன்டாக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே முழுமையான, சேதமடையாத, பழுதுபடாத என்ற வகையில் இரண்டு மூன்று சொற்கள் வரிசையாக நின்றிருக்கும். முதலில் நின்றதை எடுத்துக்கொண்டிருப்பார். ஆகவேதான் இந்த மடலை அவருக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

‘முழு’ என்பது பல வேலைகளைச் செய்யும் சொல். முழு நிலவு என்றால் வளர்ந்து நிறைந்தது. முழு அறிக்கை என்றால் எந்தப் பகுதியும் விடுபடாதது. முழுத் தேங்காய் என்றால் உடைக்காதது. இவற்றுள் கடைசிப் பொருளே நான் பேச வந்தது. பேச்சில் அது நன்றாகவே உயிரோடு இருக்கிறது. இரவில் மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் கிளம்புகிற மகனிடம் “முழுசா வீடு வந்து சேரு” என்று தாய் சொல்லும்போது, அடிபடாமல், கை கால் முறியாமல், உயிரோடு என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் எழுத்துக்காக அதை ‘முழுமை’ என்று ஆக்கியவுடன் பொருள் நிறைவு, பூரணம் என்ற திசைக்கு நழுவிவிடுகிறது. ‘வெள்ளத்துக்குப் பின்னும் பாலம் முழுமையாக உள்ளது’ என்று எழுதினால், கட்டுமானப் பணி முடிந்துவிட்டது என்று ஒருவர் புரிந்துகொள்ளக்கூடும்.

அரிசியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கல் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. திருமண வீட்டில் மணமக்கள் மேல் தூவும் மஞ்சள் அரிசியை அட்சதை என்கிறோம். வடமொழியில் ‘க்ஷதம்’ என்றால் காயம், சிதைவு. அது இல்லாதது ‘அக்ஷதம்’. ஊறுபடாதது என்பதே அந்தச் சொல்லின் பொருள்; அரிசியும் மஞ்சளும் அதற்குள் இல்லை. இன்று அட்சதை என்ற பெயரைக் கேட்டு ஊறுபடாமையை நினைப்பவர் அநேகமாக யாரும் இல்லை. பெயரின் பொருள் மறந்துபோன பிறகும் சடங்கு அதை விடவில்லை என்பதுதான் வியப்பு. முனை முறியாத பச்சரிசிதான் வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். முறத்தில் இட்டுக் கொழித்து, நொய்யையும் குருணையையும் ஒதுக்கி, முனையுள்ள மணிகளை மட்டும் எடுத்து மஞ்சள் கலக்கிறார்கள். ‘முனை முறியாத’ என்ற தொடர் அட்சதை என்ற வடசொல்லுக்கு நம் பாட்டிமார் எழுதிய உரை என்றே நான் கருதுகிறேன். அகராதியில் அட்சதைக்கு மஞ்சள் அரிசி என்று பொருள் எழுதும் நாம், ஊறுபடாமையைக் குறிக்கும் சொற்களின் வரிசையில் ‘முனை முறியாத’ என்பதைச் சேர்ப்பதில்லை.

அதே அரிசி அரசுக் கொள்முதலுக்கு வரும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. அரசின் நெல்லை அரைத்து அரவை ஆலைகள் திருப்பித் தரும் அரிசிக்கான தரக்குறிப்பின்படி, முழு மணியின் நீளத்தில் முக்கால் பங்குக்கும் குறைவான துண்டே உடைந்த அரிசி. முக்கால் பங்கு இருந்தால் அது முழு மணியோடு சேர்ந்துகொள்ளும். நெடுங்காலமாக வழங்கிவரும் அளவின்படி பச்சரிசியில் 25 விழுக்காடு வரையும் புழுங்கலரிசியில் 16 விழுக்காடு வரையும் உடைந்தது இருக்கலாம். நெல்லை அவிக்கும்போது உள்ளிருக்கும் மாவுப்பொருள் இளகி, மணியிலுள்ள வெடிப்புகளை அடைத்து இறுகிவிடுவதால் புழுங்கலரிசி அரைவையில் அவ்வளவாக முறியாது. வரம்பு குறைவாக இருப்பதன் காரணம் அதுதான். ரூபாய் நோட்டுக்கு இன்னொரு கணக்கு. 50 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நோட்டு கிழிந்திருந்தால், துண்டாகாமல் எஞ்சிய பெரிய பகுதி 80 விழுக்காட்டைத் தாண்டினால்தான் வங்கியில் முழு மதிப்பும் கிடைக்கும். முக்கால் மணியாக முறிந்த அரிசி கொள்முதல் கிடங்கில் முழு அரிசி, மணவறைத் தட்டில் முறிந்த அரிசி. இப்படிப் பொருளுக்குப் பொருள் வேறுபடும் ஒன்றை ‘முழுமையான’ என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டால், மொழிபெயர்ப்பவர் எதைக் கொண்டு எதைத் தேர்வார்?

மளிகைக் கடை இதை அகராதியைவிட நன்றாகச் சமாளிக்கிறது. ‘முழு உளுந்து’ என்று கேட்டால் பெரும்பாலும் தோலோடு கூடிய கறுப்பு உளுந்தைத்தான் எடுத்துப் போடுவார்கள். தோல் நீங்கியும் இரண்டாகப் பிளவாத வெள்ளை உளுந்து வேண்டுமானால் ‘உருட்டு உளுந்து’ அல்லது ‘குண்டு உளுந்து’ என்று கேட்க வேண்டும். உடையாமல் இருந்தால் உருளும், உருண்டையாக இருக்கும் என்று கண்ணால் கண்டதைக் கொண்டு ஆக்கிய பெயர்கள் இவை. எதிர்மறை எதுவும் இவற்றில் இல்லை. முந்திரிக்குப் பெயர்பெற்ற பண்ருட்டிப் பக்கத்திலும் பருப்பின் விலை அது உடையாமல் வருவதைப் பொறுத்தே இருக்கிறது. முழுப் பருப்பின் தரத்தை எண்ணால் குறிப்பார்கள். 320 என்றால் ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 பருப்புகள் நிற்கும். எண் சிறுத்தால் பருப்பு பெரிது. இரண்டாகப் பிளந்த பருப்புக்கும் துண்டுகளுக்கும் தரமும் தனி, விலையும் தனி.

துணிக்கு ‘கோடி’ இருக்கிறது. ஒருமுறையும் உடுத்தாத, நீரில் நனைக்காத புதுத்துணிக்கு இவ்வளவு சிறிய, இவ்வளவு துல்லியமான சொல் வேறெந்த மொழியில் உண்டு என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டாள் தன் கனவில் ‘மந்திரக் கோடி யுடுத்தி’ மணமகளாகிறாள். இறந்தவருக்கு உறவினர் கொண்டுவந்து போர்த்துவதும் கோடிதான். திருமணத்துக்கும் சாவுக்கும் ஊறுபடாத துணியே வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் ‘ஒருமுறையும் பயன்படுத்தாத’ என்ற பொருளுள்ள ஆங்கிலத் தொடரைத் தேடி வரும் மொழிபெயர்ப்பாளருக்கு எந்த ஆங்கில–தமிழ்ப் பக்கமும் கோடியைக் காட்டித் தருவதை நான் பார்த்ததில்லை.

இங்கே ‘ஊறு’ என்ற சொல்லைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும், கொஞ்சம் விலகிப்போனாலும் பரவாயில்லை. ‘உறு’ என்ற வினையடி நீண்டு ‘ஊறு’ ஆகிறது, கெடு கேடு ஆவதைப் போல. திருக்குறளில் இது இரண்டு பொருளில் வருகிறது. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று ஐம்புல உணர்வுகளை எண்ணும் 27ஆம் குறளில் ஊறு என்பது தொடு உணர்வு. ‘உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை’ என்னும் 761ஆம் குறளிலும், ‘ஊறுபாடு இல்லை உயிர்க்கு’ என்று முடியும் 945ஆம் குறளிலும் அது காயம், துன்பம். தொடுதலுக்கும் காயத்துக்கும் ஒரே சொல். ‘இன்டாக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் ‘தொடப்படாதது’ என்றுதான் பொருள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், எதுவும் வந்து தொடாமல் இருப்பதே ஊறில்லாமல் இருப்பது என்று தனித்தனியே எண்ணியிருக்கின்றன. ஆகையால் ஒரு பொதுச்சொல் வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு ‘ஊறுபடாத’ என்பதை முதல் இடத்தில் வைக்கலாம் என்பது என் கருத்து. ‘சேதம்’ செய்தித்தாளில் தேய்ந்துபோனது. நகைக்கடையில் செய்கூலியோடு ஒட்டிக்கொண்ட ‘சேதாரம்’ வேறு அதன் பின்னால் வந்து நிற்கிறது. ‘பழுது’ தமிழகத்தில் பெரும்பாலும் இயந்திரத்தோடு சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலோ சாப்பாடு எப்படி என்று கேட்டால் ‘பழுதில்லை’ என்பார்கள்; நாம் சொல்லும் ‘பரவாயில்லை’க்கு நிகரானது அது.

ஆனால் பொதுச்சொல்லைத் தேடுவதே தமிழின் போக்குக்கு மாறானது என்றும் தோன்றுகிறது. தமிழ், கெடாதிருப்பதைச் சொல்லும்போது பெரும்பாலும் அந்தப் பொருளுக்கு வரக்கூடிய கேட்டின் பெயரைச் சொல்லி, அது வரவில்லை என்கிறது. வாழையிலை என்றால் கிழியாதது, வேட்டி என்றால் மடிப்புக் கலையாதது, சொம்பு என்றால் ஒடுக்கு விழாதது, கத்தரிக்காய் என்றால் சொத்தையில்லாதது, நோட்டு என்றால் கசங்காதது, ஏடு என்றால் செல்லரிக்காதது. மண்பானையைச் சுண்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தால் கீறல் விழாதது என்று வாங்குகிறோம். ‘கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடு’ என்று 736ஆம் குறள் சொல்லும்போது, அறியா, குன்றா என்ற இரண்டு எதிர்மறைப் பெயரெச்சங்களில் ஒரு நாட்டின் நலம் முழுவதும் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஒரே உரிச்சொல் இலைக்கும் பானைக்கும் நாட்டுக்கும் போதுமானதாக இருக்கலாம். நமக்கு அந்த இடத்தில் வினை வேண்டும். எந்த வினை என்பது பொருளைப் பொறுத்தது. கிழியாத பானை என்றும் விரிசல் விடாத இலை என்றும் ஒரு குழந்தைகூடச் சொல்லாது. அகராதி அந்தப் பொருத்தத்தைப் பதிவு செய்யாமல் விட்டால் இயந்திர மொழிபெயர்ப்பு அதையும் சொல்லத்தான் போகிறது.

இன்னொரு வகை, அகராதியின் தலைச்சொல் வரிசையில் எந்த இடத்திலும் அடங்காதது. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பார்த்தவர், ‘வைத்தது வைத்தபடி இருக்கிறது’ என்கிறார். கலைக்கப்படாத கல்யாணப் பந்தலுக்குப் ‘போட்டது போட்டபடி’, பிரிக்காத மூட்டைக்குக் ‘கட்டினது கட்டினபடி’. வினையாலணையும் பெயரும் ‘படி’யும் சேர்ந்த இந்த அச்சில் எந்த வினையையும் வார்க்கலாம். இதில் எதிர்மறை இல்லை, கேட்டின் பெயரும் இல்லை. கடைசியாக ஒரு கை செய்த செயல் இன்னும் கலையாமல் நிற்கிறது என்பதுதான் இருக்கிறது. அகழாய்வு அறிக்கைகளின் தமிழ் வடிவங்களுக்கு இது எவ்வளவு பொருத்தமானது என்று எண்ணிப் பாருங்கள். தாழி உடையாமல் இருப்பது ஒன்று. தாழி விரிசல் விட்டிருந்தாலும் உள்ளே வைத்த எலும்பும் கிண்ணமும் இடம் மாறாமல் இருப்பது வேறொன்று. ஆய்வாளருக்குப் பின்னது பல நேரங்களில் முன்னதைவிட முக்கியம். இரண்டையும் ‘முழுமையான நிலையில் கிடைத்தது’ என்று எழுதும்போது அந்த வேறுபாடு மறைந்துபோகிறது. மனிதக் கை படாத அடி மண்ணுக்குக் ‘கன்னிமண்’ என்ற சொல்லைக் களத்தில் வழங்குகிறவர்களுக்கு, உடையாததையும் கலையாததையும் பிரித்துச் சொல்வது கடினமாக இராது.

பழைய பதிப்பாசிரியர்களிடம் இந்தக் கவனம் இருந்தது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகள் அவருக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. நானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்திருக்கின்றன. தொலைந்தது, சிதைந்தது, சில சீர்கள் மட்டும் விடுபட்டது என்று ஒவ்வொன்றும் வேறாகத் தெரியும்படி அந்தப் பாடல்கள் நமக்கு அச்சில் வந்துசேர்ந்தன. அதனால்தான் எது ஊறில்லாமல் வந்த பாடல் என்று இன்று நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது.

மருத்துவத் தமிழுக்கு வருகிறேன், குப்பியில்தானே தொடங்கினேன். ‘தோல் முழுமையாக உள்ளது’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். தோல் கிழியவில்லை என்று சொல்ல வந்திருக்கிறார்கள். மேல்தோல் கிழியாமல் உள்ளே கன்றிப்போன அடிக்குத் தமிழில் ‘ஊமைக்காயம்’ என்று பெயர். காயம் வாய் திறக்கவில்லை, ஆகவே ஊமை. வெளியே ஊறில்லை உள்ளே ஊறு உண்டு என்ற இரண்டு செய்திகளையும் ஒரே சொல்லில் சொல்லிவிடும் இதைவிட நல்ல கலைச்சொல்லை எந்தக் குழு உட்கார்ந்து யோசித்தாலும் ஆக்க முடியுமா என்று எனக்கு ஐயம்தான்.

எல்லாச் சொல்லையும் அப்படியே அள்ளிப்போடச் சொல்லவில்லை. விளிம்பு உடைந்த சட்டிக்கும் கொம்பு முறிந்த மாட்டுக்கும் வழங்கிய ‘மூளி’, தாலியில்லாத கழுத்தையும் நகையில்லாத காதையும் பழிக்கும் சொல்லாகவும் ஆனது. ‘ஊனம்’ என்ற சொல்லை அரசு கைவிட்டு ‘மாற்றுத்திறன்’ என்று எழுதத் தொடங்கியதற்கும் காரணம் இருந்தது. பாத்திரத்தையும் தானியத்தையும் அளக்கும் அளவுகோலை மனித உடம்பின் மேல் வைக்கிறபோது அது காயப்படுத்துகிறது. ‘கன்னி’ என்ற சொல்லையும் மண்ணோடும் காட்டோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. அகராதி இவற்றை மறைக்க வேண்டாம். எங்கே வழங்கியது, இன்று எங்கே வழங்கக் கூடாது என்று குறித்தால் போதும். ‘பின்னம்’ என்பதும் குறிப்புத் தேவைப்படும் சொல்தான். உடைந்தது என்ற பொருளுள்ள அதே வடசொல்லைப் பள்ளியில் அரை, கால், முக்காலுக்கும், கோயிலில் விரல் முறிந்து வழிபாட்டிலிருந்து விலக்கப்பட்ட சிலைக்கும் வழங்குகிறோம். சிற்பம் பற்றிய நூலை மொழிபெயர்க்கும் இளைஞருக்குக் கணக்குப் புத்தகப் பொருள் மட்டுமே தெரிந்திருந்தால் அவர் ‘பின்னமாகாத மூர்த்தி’ என்ற தொடரைக் கண்டு திகைக்கத்தான் செய்வார்.

தங்களிடம் நான் கேட்பது புதிய சொல்லாக்கம் அன்று. ஒரு சொல்லுக்கு எதிரே சொற்களை அடுக்குவதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எந்தப் பொருளோடு சேரும், எந்தத் தொழிலில், எந்த ஊரில் வழங்குகிறது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, யாழ்ப்பாண வழக்கு, நாஞ்சில்நாட்டு வழக்கு என்று சொல்லுக்கு இடம் குறித்தது. கரிசல் சீமையின் சொற்களைக் கி. ராஜநாராயணன் தனி அகராதியாகவே தொகுத்தார். அந்த வழி தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் தமிழிலிருந்து தமிழுக்கும் இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் பாதையில்தான் அடைபட்டுக் கிடக்கிறது. அரிசி ஆலையிலும் பாத்திரக் கடையிலும் துணிக்கடையிலும் போய்க் கேட்டு எழுதிய சொற்கள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய என்னிடம் இருக்கின்றன; சொல், சேரும் பொருள், சொன்ன ஊர் என்று மூன்று பத்தியாக எழுதியிருக்கிறேன். எந்த அமைப்பில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால் அனுப்பிவைக்கிறேன். அந்த மருந்துக் குப்பியின் வரியை ‘மூடியின் சீல் உடைந்திருந்தால் வாங்க வேண்டாம்’ என்று மாற்றிக் கொடுத்தேன்; ‘முழுமை’ எங்கே போயிற்று என்று கேட்டு அது ஒருமுறை திரும்பி வந்தது. அகராதியைப் பார்த்துச் சரிபார்த்தார்களாம்.

இங்ஙனம்,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்